அறிக்கையில் 'விமானியின் தவறு' என்று இருந்தால் எவ்வளவு நம்பலாம்?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். தப்பாகப் புரிந்துகொண்டு பக்கம் பக்கமாக எழுதினால் யாருக்கும் பயனில்லை. பழைய விமான விபத்துகளைப் பற்றி நிறையப் படித்திருக்கிறீர்கள். எதை எடுத்தாலும் கடைசியில் 'விமானியின் தவறு' என்று முடிகிறது. செத்தவர் எழுந்து வந்து மறுத்துப் பேசப் போவதில்லை என்ற தைரியத்தில், விமான நிறுவனமும் விமானத்தைத் தயாரித்தவர்களும் பழியை அவர் தலையில் கட்டிவிட்டு நழுவுகிறார்களா? காரணம் என்று அச்சிட்டிருப்பதை எவ்வளவு நம்பலாம்? இதுதானே கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. என்ன நடந்தது என்று அறிக்கை சொல்வது உண்மையா என்பது ஒன்று. யார் மேல் குற்றம் என்பது இன்னொன்று. முதலாவதற்கு நல்ல அறிக்கைகள் நல்ல பதில் வைத்திருக்கின்றன. இரண்டாவதற்குப் பதில் சொல்வதற்காக அவை எழுதப்படவே இல்லை. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வதில்தான் உங்கள் சந்தேகத்தில் பாதி பிறக்கிறது. மீதிப் பாதி நியாயமானது, அதற்கும் வருகிறேன்.

நான் விமானப் பராமரிப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பார்த்து, பழுது நீக்கி, 'பறக்கலாம்' என்று கையெழுத்துப் போடுவது என் பிழைப்பு. விமானம் ஓட்டியவன் இல்லை. விசாரணைக் குழுவிலும் இருந்ததில்லை. அவர்கள் கேட்ட ரெக்கார்டுகளை எடுத்துக்கொடுத்த பக்கத்தில் இருந்தவன். ஆகவே போல்ட், ரிவெட் பற்றிச் சொல்லும்போது என்னைக் கொஞ்சம் கூடுதலாக நம்புங்கள். காக்பிட்டுக்குள் நடந்ததைப் பற்றிச் சொல்வது அறிக்கைகளைப் படித்தும், ஓட்டியவர்களிடம் பேசியும் தெரிந்துகொண்டது.

எரபஸ் விபத்திலிருந்து தொடங்குகிறேன். உங்கள் சந்தேகத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடையாது. 1979 நவம்பர் 28 அன்று ஏர் நியூசிலாந்தின் டி.சி-10 ஒன்று, பயணிகளுக்கு அண்டார்டிகாவைச் சுற்றிக் காட்டிவிட்டு வருவதற்காக ஆக்லாந்திலிருந்து கிளம்பியது. எரபஸ் எரிமலையின் சரிவில் நேராகப் போய் மோதி 257 பேரும் இறந்தார்கள். மலையின் உயரம் 3,794 மீட்டர். மோதிய இடமோ கடல் மட்டத்திலிருந்து 450 மீட்டருக்கும் குறைவு. எஞ்சின்கள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. தலைமை ஆய்வாளர் ரான் சிப்பின்டேலின் அறிக்கை 1980-இல் வந்தது. எங்கே இருக்கிறோம் என்று உறுதியாகத் தெரியாத நிலையில், தரையும் அடிவானமும் சரியாகத் தெரியாத பகுதியை நோக்கித் தாழ்வாகப் பறப்பதைத் தொடரத் தலைமை விமானி எடுத்த முடிவுதான் காரணம் என்றது. கதை அங்கேயே முடிந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு நீதிபதி பீட்டர் மாஹன் தலைமையில் அரச விசாரணை ஆணையம் உட்கார்ந்தது. விமானிகளுக்குச் சில வாரம் முன்பு நடத்திய விளக்கக் கூட்டத்தில் காட்டிய பாதை, மெக்முர்டோ விரிகுடாவின் சமதளமான பனிக்கடல் மேலே போகிறது. கம்பெனிக் கணினியில் பல மாதமாக இருந்த பாதையும் அதுதான். ஆனால் அது ஆரம்பத்தில் தப்பாக ஏறிவிட்ட ஒரு தீர்க்கரேகை எண்ணால் உண்டான பாதை. விமானம் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பு அந்த எண்ணைத் திருத்தினார்கள். திருத்தியவர்கள் சொன்ன கணக்குப்படி, சுமார் 2 மைல் நகர்வுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அது 27 மைல். புதிய பாதை நேராக எரபஸ் மேலே போனது. விமானிகளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதோடு அந்தப் பகுதிக்கே உரிய ஒரு கண்கட்டு: மேகத்துக்குக் கீழே ஒரே சீரான வெளிச்சம் பரவியிருக்கும்போது, ஏறிச் செல்லும் வெள்ளைச் சரிவும் வெள்ளை மேகமும் ஒன்றாகிவிடும். எதிரில் மலை இருப்பது தெரியாது, தூரத்தில் சமவெளி நீள்வதாகத்தான் தோன்றும். இறந்த பயணிகளின் கேமராக்களில் கிடைத்த படங்களில் பக்கவாட்டுக் காட்சி தெளிவாகவே இருக்கிறது. மூட்டத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டு இறங்கவில்லை அவர்கள். தரை நெருங்குகிறது என்ற எச்சரிக்கை ஒலித்தது மோதலுக்குச் சுமார் 6 விநாடி முன்பு.

மாஹன் 1981-இல், சொல்லாமல் பாதையை மாற்றியதுதான் முதன்மைக் காரணம் என்று எழுதினார். கூடவே, நிறுவன அதிகாரிகள் திட்டமிட்டு உண்மையை மறைத்தார்கள் என்றும் கடுமையாக எழுதினார். அந்த இரண்டாவது பகுதி நிற்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குப் பதில் சொல்ல வாய்ப்புத் தராமல் எழுதிய முடிவு என்று மேல்முறையீட்டில் அடிபட்டு, நியூசிலாந்துக்கு அப்போது கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலும் 1983-இல் அதை உறுதி செய்தது. விபத்து எதனால் என்ற அவருடைய முடிவை அந்த வழக்கு தொடவில்லை. 2019-இல், நாற்பதாம் ஆண்டு நினைவு நாளில், நியூசிலாந்துப் பிரதமர் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். என் கருத்தைக் கேட்டால், இரண்டு அறிக்கையிலும் சொல்லப்பட்ட நிகழ்வுகள் உண்மை. தாழ்வாகப் போனதும் உண்மை, பாதை மாறியதும் உண்மை. சிப்பின்டேல் தோண்டுவதை காக்பிட் வாசலில் நிறுத்திக்கொண்டார். மாஹன் அலுவலகம் வரை போனார், கொஞ்சம் கூடுதலாகவே போனார். நீங்கள் படிக்கும் 'காரணம்' என்பது பல நேரங்களில் மண்வெட்டியை எங்கே கீழே வைத்தார்கள் என்பதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 13-ஆம் இணைப்பு, விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, பழியோ பொறுப்போ சுமத்துவது அதன் வேலை இல்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அமெரிக்காவில் விபத்துகளை விசாரிக்கும் வாரியமான என்.டி.எஸ்.பி. எழுதும் அறிக்கையை நஷ்டஈட்டு வழக்கில் சாட்சியமாக வைக்கச் சட்டமே இடம் தராது. செய்தித்தாள் அதையெல்லாம் பார்ப்பதில்லை. இருநூறு பக்க அறிக்கையில் ஒரே ஒரு வரியைப் பிடுங்கித் தலைப்பாக்கிவிடும். நம் நினைவில் தங்குவதும் அந்த வரிதான்.

என் பக்கத்துக் கதை ஒன்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தவறு என்பது கிட்டத்தில் போய்ப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று இதில் தெரியும். 1990 ஜூன் 10, பிரிட்டிஷ் ஏர்வேஸின் பி.ஏ.சி. ஒன்-லெவன் விமானம் பர்மிங்ஹாமிலிருந்து கிளம்பி 17,300 அடியை எட்டும்போது, கேப்டனுக்கு முன்னால் இருந்த கண்ணாடி அப்படியே பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் டிம் லங்காஸ்டரின் உடம்பில் பாதி வெளியே இழுக்கப்பட்டது. கால்களை உள்ளே இருந்த ஊழியர்கள் பிடித்துக்கொண்டார்கள். துணை விமானி அலஸ்டர் ஆட்சிசன் விமானத்தை சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் உட்பட எல்லோரும் பிழைத்தார்கள்.

அந்தக் கண்ணாடியை முந்தைய நாள் அதிகாலையில், இரவு ஷிஃப்டில்தான் மாற்றியிருந்தார்கள். 90 போல்ட். ஆள் பற்றாக்குறை, ஷிஃப்ட் மேனேஜரே கையில் கருவி எடுத்து உட்கார்ந்தார். கழற்றிய பழைய போல்ட்டுகளைப் பார்த்து அதே மாதிரி வேண்டும் என்று முடிவு செய்தார். அவை உண்மையில் இருக்க வேண்டிய நீளத்தைவிடக் கொஞ்சம் குட்டை. ஆனால் அதுவரை தாங்கியிருந்தன. பட்டியலைத் திறந்து சரியான எண்ணைப் பார்க்கவில்லை. ஸ்டோரில் இருந்தவர் சரியான எண்ணைச் சொல்லியும், பழைய சைஸே போதும் என்று விட்டார். அந்த சைஸ் அங்கே தேவையான அளவு இல்லை. ஆளில்லாத வேறொரு ஸ்டோருக்குப் போய், மங்கிய வெளிச்சத்தில், பழைய போல்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பொருத்திப் பார்த்து எடுத்தார். எடுத்தவற்றில் 84 போல்ட் விட்டத்தில் 0.026 அங்குலம் சிறியவை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் முக்கால் பங்குகூட இல்லை. மீதி 6 விட்டம் சரி, நீளம் குறைவு.

அதிகாலை நாலு மணிக்கு அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கை எதை எதிர்பார்க்கிறதோ கண்ணும் அதையே பார்க்கும். இரவு ஷிஃப்ட் பார்த்தவர்கள் யாரையும் கேளுங்கள். முடுக்கும்போதாவது தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். குறிப்பிட்ட முறுக்கு வந்ததும் 'க்ளிக்' என்று விடுபடும் திருப்புளியைப் பயன்படுத்தினார். சின்ன போல்ட் நட்டுக்குள் மரை வழுக்கும்போதும் கைக்கு அதே உணர்வுதான் வந்தது. போல்ட் தலைகள் குழிக்குள் கொஞ்சம் கூடுதலாக இறங்கி உட்கார்ந்திருந்தன. அவர் சாய்ந்து நின்ற கோணத்தில் அது கண்ணில் படவில்லை. இந்த வேலையை இன்னொருவர் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும் என்ற விதி கிடையாது. கண்ணாடியோ உள்ளிருந்து அடைக்கும் வகை இல்லை, வெளியிலிருந்து வைத்து முடுக்குவது. உள்ளே அழுத்தம் ஏற ஏற முழுப் பாரமும் அந்த போல்ட்டுகள் மேல்தான். இவ்வளவையும் 'பராமரிப்புத் தவறு' என்று இரண்டு சொல்லில் எழுதலாம். பொய் இல்லை. ஆனால் பட்டியலைத் திறக்காமல் வேலை முடிக்கும் பழக்கம் அந்த ஒருவருக்கு மட்டுமா என்று விசாரணையாளர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விதான் எனக்கு அந்த அறிக்கையில் மதிப்பு.

1979 மே 25 சிகாகோ விபத்திலும் இதே கதைதான், அளவு பெரிது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 191 ஓடுபாதையிலிருந்து மேலெழும் தருணத்தில் இடது எஞ்சின், அதைத் தாங்கும் பைலனோடு சேர்ந்து பிய்ந்து இறக்கைக்கு மேலாகப் பின்னால் விழுந்தது. அரை நிமிடம் பறந்து விமானம் இடது பக்கம் சாய்ந்து விழுந்தது. விமானத்தில் இருந்த 271 பேர், தரையில் இருவர், மொத்தம் 273 உயிர். எஞ்சினை முதலில் இறக்கிவிட்டு, அப்புறம் பைலனைக் கழற்ற வேண்டும் என்பது தயாரிப்பாளர் சொன்ன முறை. இரண்டையும் ஒரே மூச்சில் ஃபோர்க்லிஃப்ட் மேல் வைத்து இறக்கினால் ஒரு விமானத்துக்குச் சுமார் 200 ஆள்-மணி நேரம் மிச்சம். அப்படித்தான் செய்தார்கள். பல டன் எடையுள்ள ஒரு மொத்தத்தை ஃபோர்க்லிஃப்ட்டில் வைத்து மயிரிழை அளவுக்கு ஏற்றி இறக்குவது என்பதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் அதன் ஹைட்ராலிக் தானாகக் கொஞ்சம் இறங்கும். பைலனின் பின்பக்கச் சட்டம் எதிலாவது இடிக்கும். 191-இல் அந்த இடத்தில் சுமார் 10 அங்குல நீள முறிவு விழுந்து, எட்டு வாரம் யாருக்கும் தெரியாமல் பறந்திருக்கிறது.

இதில் விமானிகள் பக்கம் பாருங்கள். எஞ்சின் போனால் இன்ன வேகத்தில் ஏற வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருந்தபடி வேகத்தைக் குறைத்தார்கள். ஆனால் பிய்ந்த எஞ்சின் ஹைட்ராலிக் குழாய்களையும் அறுத்துக்கொண்டு போனதால், இடது இறக்கையின் முன்விளிம்புப் பட்டைகள், ஸ்லாட் என்போமே, அவை உள்ளே மடங்கிவிட்டன. அந்த நிலையில் அந்த இறக்கை 159 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்துக்குக் கீழே தூக்கும் சக்தியை இழக்கும். அவர்கள் பிடித்தது 153 நாட். இறக்கை ஸ்டால் ஆகப்போகிறது, அதாவது தூக்கும் சக்தியை இழக்கப்போகிறது என்று எச்சரிக்கும் கருவிக்கு மின்சாரம் அந்த எஞ்சினின் ஜெனரேட்டரிலிருந்து வந்தது. இறக்கையை காக்பிட்டிலிருந்து பார்க்கவும் முடியாது. இவர்களைக் குறை சொல்ல என்.டி.எஸ்.பி.க்கே மனம் வரவில்லை. வேறொரு விமான நிறுவனம் இதே வேலையில் இரண்டு முறை இதே இடத்தில் விரிசலைக் கண்டு, சரி செய்து, தன் ஆட்களின் கவனக்குறைவு என்று எழுதி மூடியிருந்தது. அதன் முழு விவரமும் மற்றவர்களுக்குப் போயிருந்தால் சிகாகோ நடந்திருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நீங்கள் கேட்ட மறைப்புக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. விபத்துக்குப் பின்னால் நடக்கும் மறைப்பைவிட, முன்னால் நடக்கும் மறைப்பும் மழுப்பலும்தான் அதிகம். பின்னால் என்றால் உடைந்த உலோகம் தரையில் கிடக்கிறது, பல நாட்டு ஆட்கள் பூதக்கண்ணாடியோடு நிற்கிறார்கள், ஏமாற்றுவது கஷ்டம். முன்னால் என்றால் ஒரு மேஜை, ஒரு காகிதம், ஒரு கையெழுத்து போதும். டி.சி-10-இன் சரக்குக் கதவைப் பாருங்கள். 1972 ஜூன் 12 அன்று கனடாவின் விண்ட்சருக்கு மேலே ஒரு விமானத்தில் அந்தக் கதவு பிய்ந்து, உள்ளிருந்த தளம் சரிந்து, கட்டுப்பாட்டுக் கம்பிகள் நெரிபட்டன. விமானி அசாத்தியத் திறமையால் டெட்ராய்ட்டில் இறக்கினார். கட்டாய உத்தரவு போட வேண்டிய எஃப்.ஏ.ஏ., அதாவது அமெரிக்க விமானக் கட்டுப்பாட்டு அமைப்பு, தயாரிப்பாளரின் வாய்வார்த்தையில் திருப்தியடைந்து, வெறும் பராமரிப்புக் குறிப்போடு விட்டுவிட்டது. அந்த விமானத்தின் உடற்பகுதியைச் செய்த கான்வேர் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், இது மறுபடி நடக்கும் என்று அதே மாதத்தில் எழுதிவைத்தார். 1974 மார்ச் 3-இல் பாரிஸுக்கு அருகே எர்மனோன்வில் காட்டில் துருக்கி ஏர்லைன்ஸ் விமானம் விழுந்து 346 பேர் இறந்தார்கள். அதே கதவு. கதவில் செய்ய வேண்டிய மாற்றங்களைச் செய்தாகிவிட்டது என்று அந்த விமானத்தின் தொழிற்சாலைக் காகிதத்தில் முத்திரை இருந்தது. கதவில் வேலை முழுசாக நடக்கவில்லை. கையெழுத்துப் போட்டே பிழைத்தவன் என்ற முறையில், எனக்கு எல்லா விபத்துகளிலும் அதிகக் கோபம் வருவது இதில்தான்.

ஜப்பான் ஏர்லைன்ஸ் 123-ஐயும் இந்த வரிசையில் வைப்பேன், ஆனால் அங்கே நோக்கம் எதுவும் இல்லை, வேலைப் பிசகு. 1978-இல் ஒசாகாவில் இறங்கும்போது அந்த 747-இன் வால்பகுதி தரையில் உரசியது. பின்பக்க அழுத்தச் சுவரைப் போயிங் ஆட்கள் வந்து பழுது பார்த்தார்கள். இணைப்புத் தகடு ஒரே துண்டாக இருந்து இரண்டு வரிசை ரிவெட் பாரம் தாங்க வேண்டும். தகட்டை இரண்டாக வெட்டிப் போட்டதால் ஒரு இடத்தில் ஒரே வரிசைதான் தாங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். 12,000-க்கும் மேற்பட்ட தடவை பறந்த பிறகு, 1985 ஆகஸ்ட் 12 அன்று சுவர் கிழிந்து, வால் செங்குத்துப் பகுதி பெரும்பாலும் போய், நான்கு ஹைட்ராலிக் அமைப்பும் வறண்டன. விமானிகள் எஞ்சின் வேகத்தை மட்டும் வைத்து அரை மணி நேரம் போராடினார்கள். 520 பேர் இறந்தார்கள், நால்வர் பிழைத்தார்கள். ஒரே விமானம் சிக்கிய விபத்துகளில் இன்றுவரை இதுதான் பெரிது.

இப்படி அழுத்தம் திரும்பத் திரும்ப ஏறி இறங்கி உலோகம் விரிசல் விடுவதைத்தான் உலோகச் சோர்வு என்பார்கள். அதைப் பற்றிப் பேசினால் பிரிட்டனின் காமெட் ஜெட் விமானத்தை விட முடியாது. அதில் ஒரு திருத்தமும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1954 ஜனவரியில் எல்பா தீவருகே ஒன்று, ஏப்ரலில் நேப்பிள்ஸுக்குத் தெற்கே ஒன்று என்று இரண்டு காமெட் நடுவானில் பிளந்தன. 'சதுர சன்னல் வைத்ததால் உடைந்தது' என்று எல்லா இடத்திலும் படித்திருப்பீர்கள். எல்பா விமானத்தில் முதல் பிளவு தொடங்கியது பயணிகள் சன்னலில் இல்லை. கூரையில் ரேடியோ ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் மூலையில். பிரிட்டனின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு மையத்தில் ஒரு முழு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து அழுத்தம் ஏற்றி இறக்கினார்கள். 3,057 பறப்புகளுக்கு ஈடான சுற்றில் அது ஓர் அவசரவழித் திறப்பின் அருகே கிழிந்தது. அப்படியானால் தயாரித்தவர்கள் முன்பே சோதிக்கவில்லையா? சோதித்தார்கள், நன்றாகத் தாங்கியது. ஏன் தாங்கியது என்பதுதான் அழகு. அதே உடற்பகுதியில் முதலில் இரண்டு மடங்கு அழுத்தம் ஏற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம் சோர்வுச் சோதனைக்கு எடுத்தார்கள். அந்த முதல் அழுத்தத்திலேயே மூலைகளில் உலோகம் கொஞ்சம் நீண்டு இறுகி, விரிசலுக்கு எதிரான வலுவைத் தானே பெற்றுக்கொண்டது. தொழிற்சாலையிலிருந்து வெளியே போன விமானங்களுக்கு அந்த வரம் கிடைக்கவில்லை.

டெனரீஃப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை என்றாலும், 'விமானியின் தவறு' என்றதும் எல்லோரும் அதைத்தான் நீட்டுவார்கள். 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனரீஃப் தீவில், லாஸ் ரோடியோஸ் விமான நிலைய ஓடுபாதையில் மூடுபனிக்குள் இரண்டு 747 மோதி 583 பேர் இறந்தார்கள். அனுமதி கிடைக்காமலே கே.எல்.எம். கேப்டன் ஓடத் தொடங்கினார் என்பது உறுதி, பதிவில் இருக்கிறது. பான் ஆம் விமானம் இன்னும் ஓடுபாதையில் இருக்கிறதோ என்று அவருடைய ஃபிளைட் எஞ்சினியர் கேட்டதும், இல்லை என்ற தொனியில் அவர் பதில் சொன்னதும் பதிவில் இருக்கிறது. காத்திருக்கச் சொன்ன கோபுரத்தின் பேச்சும், 'நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்' என்ற பான் ஆம் பேச்சும் ஒரே நேரத்தில் ஒலித்து, கே.எல்.எம். காக்பிட்டில் கீச்சென்ற சத்தமாகக் கேட்டதும் உறுதி. அவர் ஏன் அவ்வளவு அவசரப்பட்டார் என்பது ஊகம். நெதர்லாந்தின் புதிய பணிநேர விதி அவரை நெருக்கியது என்பது நம்பக்கூடிய ஊகம். ஸ்பெயின் அறிக்கை கேப்டன் மேல் பாரத்தை வைத்தது; நெதர்லாந்துத் தரப்பு, ரேடியோவில் இரு பக்கமும் தப்பாகப் புரிந்துகொண்டதற்கும் பங்கு உண்டு என்று குறிப்பெழுதியது. நாடுகள் தத்தம் பக்கம் சாய்ந்து எழுதும் என்ற உங்கள் சந்தேகம் இங்கே பொய்யில்லை.

அடுத்து, சந்தேகம் தீராதவை. 1996 ஜூலையில் நியூயார்க் கடற்கரையருகே வெடித்த டி.டபிள்யூ.ஏ. 800-இல், நடு எரிபொருள் தொட்டியில் ஆவி வெடித்தது என்பது உறுதி. பொறி எங்கிருந்து வந்தது என்பதை என்.டி.எஸ்.பி. உறுதியாகச் சொல்லவில்லை, மின்கசிவுதான் பெரும்பாலும் என்றது. இப்படி 'இது உறுதி, இது ஊகம்' என்று பிரித்து எழுதும் அறிக்கையை நான் கூடுதலாக நம்புவேன். 1991-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் விழுந்த 737-க்குக் காரணம் தெரியவில்லை என்றே முதலில் எழுதினார்கள். 1994-இல் பிட்ஸ்பர்க் அருகே இன்னொன்று விழுந்து 132 பேர் இறந்தார்கள். 1996-இல் மூன்றாவது 737 ஒன்று அதேபோலத் திமிறி, ஆனால் தரையிறங்கிவிட்டது. இந்தத் தடவை விமானிகள் உயிரோடு வந்து நடந்ததைச் சொன்னார்கள். சுக்கான் வால்வு ஒரு அபூர்வமான சூழ்நிலையில் சிக்கினால், மிதித்த திசைக்கு எதிர்த்திசையில் சுக்கான் திரும்பும் என்பது அப்புறம்தான் வெளிவந்தது. 1991 விபத்தின் அறிக்கையை 2001-இல் திருத்தி எழுதினார்கள். அந்தப் பத்து வருடமும் 'விமானிதான் ஏதோ செய்திருப்பார்' என்று பேசியவர்கள் நிறைய.

1985 டிசம்பரில் கனடாவின் கேண்டரில் அமெரிக்கச் சிப்பாய்களோடு விழுந்த ஆரோ ஏர் விமானம் வேறு மாதிரி. 256 பேர் இறந்த அந்த விபத்தில் விசாரணை வாரியமே ஐந்துக்கு நான்கு என்று பிளந்தது. ஐவர் இறக்கையில் படிந்த பனி என்றார்கள். நால்வர் உள்ளே வெடிப்பும் தீயும் இருந்திருக்கலாம் என்றார்கள். பிறகு ஆதாரங்களைப் பரிசீலித்த முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி, இரண்டில் எதற்குமே போதிய ஆதாரம் இல்லை என்றார். அந்த வாரியத்தையே கலைத்துவிட்டு, 1990-இல் புதிய அமைப்பை உருவாக்கினார்கள். 1999-இல் கடலில் விழுந்த எகிப்து ஏர் 990-இலும், விமானத்தைக் கீழே இறக்கியது துணை விமானியின் கைதான் என்று அமெரிக்கா சொன்னது, எகிப்து இயந்திரக் கோளாறு என்றது. கருவிப் பதிவுகளைப் பார்த்தால் எனக்கு அமெரிக்கத் தரப்பே பலமாகத் தெரிகிறது; ஆனால் அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதை அந்த அறிக்கையும் சொல்லவில்லை. இந்த மாதிரி விபத்துகளில் யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

மூல அறிக்கைகளையே படிக்க ஆசை இருந்தால் அந்த 1990 கண்ணாடி விபத்தின் அறிக்கையில் தொடங்குங்கள்; கணக்கு, சூத்திரம் எதுவும் தெரியாமலே புரியும். எதைப் படித்தாலும் 'காரணம்' என்ற வரிக்கு முதலில் போகாதீர்கள். நடந்ததை மட்டும் சொல்லும் முதல் பகுதியை முழுசாகப் படித்துவிட்டு, நேராகக் கடைசியில் இருக்கும் பாதுகாப்புப் பரிந்துரைகளுக்குத் தாவுங்கள். அவற்றை யாருக்கு எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். காரணம் என்ற இடத்தில் விமானியின் பெயர் இருக்கும். பரிந்துரைகளோ தயாரிப்பாளருக்கும், கட்டுப்பாட்டு அமைப்புக்கும், பயிற்சித் துறைக்கும் போயிருக்கும். கோளாறு நிஜமாக எங்கே இருந்தது என்று விசாரணையாளர்கள் நினைத்தார்களோ, அது அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.